பச்சைப் பொய்

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுத வேண்டிய இரவில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என் நெறியாளர் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள்க. இதில் வரும் நண்பரிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

இணையவழிப் பாத்திரமேற்பு, எங்கள் வழக்கில் ‘ரோல்ப்ளே’, என்பதை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கற்பனை உலகை அமைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். என் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் நான் மட்டுமே எழுதலாம். அதற்கு அடுத்தவரின் பாத்திரம் என்ன செய்யும் என்பதை அவர் எழுதும்வரை காத்திருக்க வேண்டும். நாடகம் போன்றதுதான். ஆனால் முன்கூட்டி எழுதிய பனுவல் கிடையாது. தனியே பார்வையாளரும் கிடையாது. நடிப்பவர்களே ஒருவருக்கொருவர் வாசகர்கள். ஹைதராபாத்துக்கு ஆய்வு மாணவராக வந்த இரண்டாம் ஆண்டில், தமிழில் பேச ஆள் இல்லாத விடுதி மாலைகளில், எனக்கு இந்தப் பழக்கம் தொற்றியது. எங்கள் குழுவில் ஏழு பேர். அனைவரும் தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழர்கள். எழுதுவது தமிழில்.

கதை நடப்பது ஒரு பழைய துறைமுகத்தில். காலம் சோழர் காலம் போலத் தோன்றும். வரலாற்று மாணவர்கள் சண்டைக்கு வராமல் இருக்க ஆண்டு குறிப்பதில்லை. என் பாத்திரம் மாதங்கி: படகுக்காரி, முத்துக் கடத்துபவள், வாய்கூசாமல் பொய் சொல்பவள். நண்பரின் பாத்திரம் உலகன், துறைமுகத்துச் சுங்க அதிகாரி. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ குலோத்துங்கன் பட்டமேறுவதற்கு முன்னரே கதையை முடித்துவிட வேண்டும், இல்லையேல் உலகனுக்கு வேலை போய்விடும் என்பது குழுவில் பழகிப்போன நகைச்சுவை.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அறிமுகப் பக்கம் உண்டு. பெயர், வயது, தொழில், அச்சங்கள், மறைக்கும் செய்திகள். இவற்றோடு ஒரு வண்ணத் திட்டம். பின்னணிக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம், தலைப்புக்கும் கோடுகளுக்கும் வேறொரு நிறம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறுபிள்ளை விளையாட்டு. உள்ளே இருப்பவர்கள் இதற்காக வாரக்கணக்கில் உறக்கம் இழப்பார்கள். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை மாறக்கூடியவை. சேர்த்துப் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். மாதங்கியின் மூக்குத்திக்கு எது பொருந்தும் என்று அவற்றுக்குள் தேடிய இரவுகளை ஆய்வுக்குச் செலவிட்டிருந்தால் நான்காம் இயல் முடிந்திருக்கும்.

முதலில் ஊதாவைத்தான் எண்ணினேன். வலைப்பக்க மொழியில் ‘ரெபெக்காபர்ப்பிள்’ என்றொரு நிறப்பெயர் இருக்கிறது. எரிக் மேயர் என்னும் வலைநுட்ப வல்லுநரின் மகள் ரெபெக்கா 2014இல் தன் ஆறாம் பிறந்தநாளன்று மறைந்தாள். அவளுக்குப் பிடித்த ஊதா நிறத்தை அவள் பெயரால் அத்துறையினர் தரநிலையில் சேர்த்தார்கள். அதன் எண்கள் 102, 51, 153. வெள்ளைப் பின்னணியில் அதன் வேறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 8.4, தூய கறுப்பில் வைத்தால் 2.5 மட்டுமே. இந்த விகிதம் 1இல் தொடங்கி 21 வரை செல்லும். இரண்டு நிறங்களின் ஒளிர்வும் ஒன்றே என்றால் 1; கறுப்பும் வெள்ளையும் என்றால் 21. வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகுதன்மை வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. ஆக, ஒரே ஊதா ஓரிடத்தில் தெளிவு, இன்னோரிடத்தில் மங்கல். ஒரு குழந்தையின் நினைவைக் கடத்தல்காரிக்குச் சூட்டவும் மனம் ஒப்பவில்லை. ஊதாவைக் கைவிட்டேன்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதைப் பற்றி ஒன்றரை ஆண்டுகள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

மாதங்கி பேசும்போது அவள் சொல்வது மெய்யா பொய்யா என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்; கேட்கும் பாத்திரத்துக்குத் தெரியக்கூடாது. எங்கள் ஆட்டத்தின் அடிப்படை ஒழுக்கமே இதுதான்: எழுதுபவர் அறிந்ததைப் பாத்திரம் அறிந்ததாக நடந்துகொள்ளக்கூடாது. இதற்கு நிறத்தைவிட நேர்த்தியான கருவி ஏது? தமிழில் ‘பச்சைப் பொய்’ என்கிறோம். ‘செம்மை’ என்றால் சிவப்பும் ஆகும், நேர்மையும் ஆகும். செங்கோல் வளையாத கோல். எனவே மாதங்கியின் மெய்யுரை செங்கல் சிவப்பில், பொய்யுரை பாசிப்பச்சையில். பின்னணி பழுத்த ஓலையின் நிறம். மொழியே வண்ணத் திட்டத்தை வகுத்துத் தந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அறிமுகப் பக்கத்தின் அடியில் நிலப்படங்களில் இருப்பது போல ஒரு குறிப்பும் வைத்தேன்: “இந்த நிறத்தில் உள்ளது மெய். இந்த நிறத்தில் உள்ளது பொய்.” முதல் வாக்கியம் சிவப்பில், இரண்டாவது பச்சையில். வேறு விளக்கம் தேவையில்லை என்று எண்ணினேன்.

பொறுப்பில்லாமல் நிறங்களைத் தேர்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். விகிதங்களைக் கணக்கிட்டேன். ஓலை நிறம் 245, 238, 220. அதன்மீது செங்கல் சிவப்பு 165, 70, 60, விகிதம் 5.1. பாசிப்பச்சை 95, 110, 45, விகிதம் 4.8. இரண்டுமே 4.5ஐத் தாண்டுகின்றன. இரண்டும் தேர்ச்சி.

உலகனும் மாதங்கியும் பதினான்கு மாதங்கள் பேசினார்கள். மாதங்கிக்கு ஒரு தம்பி இருப்பதாகவும், அவன் தொலைவில் ஒரு தீவில் நோயுற்றுக் கிடப்பதாகவும், அவனை ஏற்றிவரும் படகைச் சோதனையின்றி உள்ளே விட வேண்டும் என்றும் அவள் சொன்னாள். தம்பி முழுவதும் பச்சையில் பிறந்தவன். அவன் விரும்பி உண்ணும் பண்டம், சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து ஏற்பட்ட தழும்பு, அவன் பாடும் தாலாட்டு, எல்லாம் பச்சை. உலகன் நம்பினான். தம்பிக்காக மருத்துவரைத் தேடினான். தன் வீட்டுத் திண்ணையில் ஓர் அறையை ஒதுக்கிச் சுண்ணாம்பு அடித்தான். நண்பர் அதை எழுதிய விதம் குழுவில் அனைவரையும் கலங்க வைத்தது. தான் அறிந்ததைத் தன் பாத்திரத்துக்கு இம்மியும் கசியவிடாத எழுத்தாளர் என்று நான் அவரைப் பலமுறை பாராட்டியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்லி நழுவுவார். ஒருமுறை மட்டும், “இந்த வாரம் பொய் கொஞ்சம் அதிகமோ?” என்று கேட்டார். நகைச்சுவை என்று நினைத்துச் சிரிப்புக் குறி ஒன்றை அனுப்பினேன்.

சென்ற பிப்ரவரியில் படகு வந்தது. உலகன் முத்திரையிட்டு உள்ளே விட்டான். படகில் தம்பி இல்லை. பதினொரு சாக்கு முத்து இருந்தது. உலகனைக் காவலர் பிடித்துச் சென்றார்கள். நண்பர் அந்தக் காட்சிக்கு இரண்டே வரிகள் எழுதினார். உலகன் திண்ணை அறையின் திறவுகோலைக் காவலரிடம் கொடுத்தான் என்று. நான் உடனே தனிச்செய்தியில், “அற்புதம், இத்தனை மாதங்கள் எப்படி அடக்கிக்கொண்டு எழுதினீர்கள்” என்று அனுப்பினேன். விடை வரவில்லை. மூன்று வாரங்கள் அவர் குழுவுக்கே வரவில்லை.

நானே தொலைபேசியில் அழைத்தேன். நாக்பூரில் வளர்ந்த தமிழர் அவர். உணர்ச்சிவசப்பட்டால் இடையிடையே இந்தி வரும். அன்று வரவில்லை. நிதானமாகப் பேசினார்.

“தம்பி இருக்கான்னுதான் நெனச்சேங்க.”

“உலகன் அப்படித்தானே நினைப்பான்.”

“உலகன் இல்லைங்க. நான்.”

அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியா. என் குறிப்பில் இருந்த இரண்டு வாக்கியங்களும் அவருக்கு ஒரே பழுப்பு. நிறத்தில் ஏதோ செய்தி இருக்கிறது என்பது மட்டும் தெரியும்; எந்த வரி எது என்பதை ஒவ்வொரு முறையும் இடம் பார்த்து ஊகித்திருக்கிறார். பெரும்பாலும் சரியாகவே ஊகித்தார். தம்பியில் தவறினார். தழும்பையும் தாலாட்டையும் பற்றி ஒருவர் இவ்வளவு எழுதினால் அது மெய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். எனக்கு அதற்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாத கேள்வி. இருபத்திரண்டு வயதில் ஓர் அரசுப் பணிக்குத் தேர்வாகி, மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றிருக்கிறார். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் உருவாக்கிய, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டியிருக்கிறார்கள். முதல் அட்டையில் எண்ணைப் படித்தார். அடுத்தவற்றில் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. இல்லாத எண்களை ஊகித்துச் சொல்லிப் பார்த்தார். பரிசோதித்தவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் யாரிடமும் சொன்னதில்லை. சாலைச் சந்திப்பில் விளக்கின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்ப்பார். மாம்பழத்தை முகர்ந்து வாங்குவார். துணிக்கடையில் தங்கையை உடன் அழைத்துச் செல்வார். அவ்வளவு கவனமாகக் கட்டிய வாழ்க்கையில், பொழுதுபோக்குக்கு என்று வந்த ஒரே இடத்திலும் நான் அந்த அட்டையை மீண்டும் அவர் முன் நீட்டியிருக்கிறேன்.

அன்றிரவு மீண்டும் கணக்கிட்டேன். இம்முறை எழுத்தையும் பின்னணியையும் அல்ல. செங்கல் சிவப்பையும் பாசிப்பச்சையையும் ஒன்றோடொன்று. விகிதம் 1.06. ஒளிர்வில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. நிறச்சாயலைப் பிரித்தறியாத கண்ணுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. நான் தேர்ச்சி என்று எண்ணியது தவறான தேர்வின் தேர்ச்சி. நான் மேற்கோள் காட்டிப் பழகிய அதே வழிகாட்டியில், விகிதம் பற்றிய விதிக்குச் சற்று முன்னரே இன்னொரு விதி இருக்கிறது: செய்தியை உணர்த்த நிறம் ஒன்றையே வழியாகக் கொள்ளலாகாது. அதைப் படித்திருக்கிறேன். பேருந்து நிலைய அறிவிப்புகளுக்கும் வங்கிப் படிவங்களுக்கும் உரியது என்று கடந்து சென்றிருக்கிறேன்.

இனி எனக்கு வெட்கம் தரும் பகுதி. என் ஆய்வுப் பொருளே நிகழ்த்துகலைகளில் ஒப்பனை. கதகளியின் முகவண்ணங்களைப் பற்றி முதுகலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வகுப்பெடுக்கிறேன். மேடையில் பச்சை முகம் கண்டால் நளன், அருச்சுனன் போன்ற உயர்பண்பு நாயகன் என்று மேலோட்டமான கையேடுகள் சொல்லும். ஆனால் இராவணன் முகத்திலும் பச்சைதான். அவன் அரசன், கற்றவன். அதனால் ‘கத்தி’ வேடத்தின் அடிநிறமும் பச்சை. மனயோலையையும் நீலத்தையும் கலந்து அதே கலவைதான் இருவருக்கும் பூசுவார்கள். (மனயோலை என்பது நம் அரிதாரம். மஞ்சள் கனிமம் ஒன்றின் பெயர் நம் மொழியில் ஒப்பனை முழுவதற்குமான பெயராகிவிட்டது.) அப்படியிருக்க, இரவு முழுதும் ஒற்றைக் குத்துவிளக்கின் ஒளியில், பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பவர் நளனையும் இராவணனையும் எப்படிப் பிரித்தறிகிறார்? கன்னத்தில் மேல்நோக்கி வளையும் சிவப்பு வடிவமும் அதைச் சுற்றிய வெள்ளைக் கோடும் ஓர் அடையாளம். மூக்கு நுனியிலும் நெற்றி நடுவிலும் ஒட்டிய வெள்ளைக் குமிழ்கள் இன்னோர் அடையாளம். அவை நிறமல்ல, உருவம். கூடவே ஒலியும் உண்டு. பச்சை வேடம் வாய் திறவாது. கத்தி வேடம் உறுமும், அலறும்.

முகத்தைச் சுற்றி வெண்ணிறத்தில் விளிம்பு கட்டும் ‘சுட்டி’யைக்கூட நான் இத்தனை காலம் அழகு என்றே விளக்கி வந்தேன். முன்னர் அரிசிமாவையும் சுண்ணாம்பையும் குழைத்துப் படிப்படியாகக் கட்டுவார்கள். இன்று தாளை வெட்டி ஒட்டுகிறார்கள். மணிக்கணக்கில் ஆகும் வேலை. நடிகர் தரையில் மல்லாந்து படுத்திருப்பார், பலர் உறங்கிவிடுவார்கள். அது யாருக்காக? முகத்தைச் சுற்றி வெள்ளை வரம்பு இருந்தால்தான் எண்ணெய் விளக்கின் அரையிருளில் தூரத்துக் கண்ணுக்கு முகத்தசையின் அசைவு துலங்கும். செருதுருத்தியில் களப்பணி செய்தபோது முதிய சுட்டிக் கலைஞர் ஒருவர், வேலை முடிந்ததும் எழுந்து அறையின் மறுகோடிக்குச் சென்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முகத்தைப் பார்ப்பதைக் கண்டேன். குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். “அழகியல் இடைவெளி” என்று பக்கவாட்டில் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறேன். அவர் செய்தது மிக எளிய சோதனை: நிறம் மங்கிப்போன பிறகும் ஆள் யாரென்று தெரிகிறதா?

நான் ஒருமுறைகூட மாதங்கியின் பக்கத்தை அறையின் மறுகோடியிலிருந்து பார்க்கவில்லை.

வட ஐரோப்பிய மரபினரில் ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு இத்தகைய குறைபாடு இருக்கிறது. பெண்களில் அரை விழுக்காடு அளவே. அணுக்கொள்கையின் ஜான் டால்டனுக்கும் இருந்தது. 1794இல் தன் பார்வையைப் பற்றியே ஒரு கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள்ளிருக்கும் நீர்மம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பி, இறந்தபின் கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள், நீர்மம் நிறமற்றுத் தெளிவாக இருந்தது. பாதுகாத்து வைத்த அந்தக் கண்ணிலிருந்து 1995இல் மரபணுவை ஆராய்ந்து உண்மைக் காரணத்தைக் கண்டார்கள். நம் நாட்டில் 2020இல்தான் மிதமான நிறக்குறைபாடு உடையவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் வழங்க விதி திருத்தப்பட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் புனே திரைப்படக் கல்லூரியின் படிப்புகளை அவர்களுக்கும் திறந்துவிடச் சொன்னது. தீர்ப்புச் செய்தியை அன்றே படித்ததாக நண்பர் சொன்னார். யாரிடமும் பகிரவில்லையாம், பகிர்ந்தால் ஏன் என்று கேட்பார்களே.

நம் துறைகளுக்கும் இது பொருந்தும். முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்குகளில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடுமாக வரைபடம் காட்டுகிறோம்; பின்வரிசையிலிருந்து யாரேனும் “எது எது?” என்று கேட்டால் கவனிக்கவில்லை என்று எரிச்சல் கொள்கிறோம். 2015இல் மேட்பிளாட்லிப் மென்பொருளுக்காக ‘விரிடிஸ்’ என்னும் வண்ண அடுக்கை உருவாக்கினார்கள். கரிய ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் படிநிலை குலையாது. 2017 முதல் அம்மென்பொருளின் இயல்புத் தேர்வே அதுதான். நாம்தாம் அதை மாற்றி வானவில் வண்ணங்களை வைத்துக்கொள்கிறோம், பளிச்சென்று இருக்கிறது என்று.

குழுவில் இதைச் சொல்லலாமா என்று நண்பரிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, தானே சொன்னார். சற்று நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு கொல்கத்தா நண்பர், தான் எப்போதும் கைபேசியில் இருள்முறையில் படிப்பதாகவும், அதில் எல்லா எழுத்தும் சாம்பல் நிறமாகவே தெரியும் என்றும் எழுதினார். இன்னொருவர் வேலைக்குப் போகும் வழியில் எழுத்தைக் குரலாக்கும் செயலியில் கேட்பதாகச் சொன்னார். அவருக்கும் தம்பி இருந்தான். ஏழு பேரில் மூவர் மாதங்கியை முழுமையாக நம்பியிருக்கிறார்கள். என் நுட்பமான வண்ணத் திட்டத்தை நான் நினைத்தபடி வாசித்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒன்றரை ஆண்டுகள் மூவருக்காக எழுதியிருக்கிறேன், அதுவும் தெரியாமல்.

பக்கத்தை மாற்றினேன். ஓலை நிறம் அப்படியே இருக்கிறது. எழுத்து முழுவதும் கரும்பழுப்பு. விகிதம் 12க்கும் மேல். பொய்யுரைக்கு முன்னால் ஒரு சிறு அலைக்கோடு வைக்கலாமா, சாய்வெழுத்து போதுமா என்று பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் குறுக்கிட்டார்.

“எந்தக் குறியும் வேண்டாங்க. பொய்யை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்க. ஏமாந்தா ஏழு பேரும் ஏமாறுவோம்.”

சென்ற சனிக்கிழமை உலகன் சிறையிலிருந்து வெளியே வந்தான். துறையில் படகைக் கழுவிக்கொண்டிருந்த மாதங்கியிடம் சென்று, உனக்கு உண்மையிலேயே தம்பி என்று யாரும் இருந்ததே இல்லையா என்று கேட்டான். மாதங்கி நிமிராமல், “இருந்தான், எட்டு வயதில் இறந்துவிட்டான்” என்றாள். கரும்பழுப்பில் எழுதினேன்.

நள்ளிரவுக்குச் சற்று முன்பு நண்பரிடமிருந்து தனிச்செய்தி வந்தது: “இது எந்த நிறம்?”

இன்னும் விடை எழுதவில்லை.